சிவப்பு மூடி

இரண்டு கண்ணிலும் சிவப்பு ஒரே மாதிரி தெரிகிறதா என்று டாக்டரம்மா கேட்டார். தெரியுதுங்க என்று சொன்னேன். அது பொய்.

அவர் கையில் இருந்தது ஒரு சொட்டு மருந்துக் குப்பியின் மூடி. முதலில் என் இடது கண்ணை மறைத்து அதைக் காட்டினார். நல்ல செம்பருத்திச் சிவப்பு. பிறகு வலது கண்ணை மறைத்துக் காட்டினார். அதே மூடிதான், ஆனால் நாலு வருஷம் வெயிலில் கிடந்த மாதிரி இருந்தது. சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். அவர் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். மூடியின் நிறம் கொஞ்சம் கூடக் குறைய இருப்பதையெல்லாம் அவ்வளவு படித்தவரிடம் போய்ச் சொல்வதா என்று கூச்சமாக இருந்தது. நான் எப்போதும் அப்படித்தான். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனால்கூட கண்டக்டரைக் கூப்பிட மாட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்துவிடுவேன்.

கூச்சம் பாதி, பயம் பாதி. பெங்களூருக்குக் கிளம்பும் முன்பே பக்கத்து வீட்டுக்காரி வந்து எல்லாம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"கண்ணுக்குப் பின்னாடி கட்டின்னா கண்ண வெளிய எடுத்துருவாங்கக்கா. தட்டுல வெச்சுக் கழுவி, கட்டிய சுரண்டிட்டு, திரும்ப உள்ள வெச்சுத் தைப்பாங்க. எங்க நாத்தனார் மாமியாருக்கு அப்டித்தான் செஞ்சாங்க. திருப்பி வெக்கும்போது கோணலா வெச்சுட்டாங்க. அதுலேர்ந்து அது சாமி கும்பிட்டாலும் பக்கத்து வீட்டத்தான் பாக்கும்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

அந்தக் கண் எப்போது வெளியே தள்ள ஆரம்பித்தது என்று எனக்கே தெரியாது. மூக்குக் கண்ணாடியின் இடது சில்லு மட்டும் அடிக்கடி அழுக்காகும். முந்தானையால் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்வேன். இமை மயிர் போய் கண்ணாடியில் உரசுகிறது என்று தெரியவில்லை. ஒரு கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டு மகள்தான் கேட்டாள், "இன்னாம்மா, போட்டோக்காரன மொறச்சுப் பாக்குற மாதிரி கீது?" என்று. அதற்குப் பிறகு முந்தானையை இடது பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் இருக்கும் ஆண்டர்சன்பேட்டையில் கண்ணாடி மாற்றப் போனபோது கடைக்காரர் இரண்டு கண்ணையும் பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். இது கண்ணாடிக் கடை வேலை இல்லை, பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்.

பெங்களூரில் ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணுக்குப் பின்னால், குழிக்குள்ளே, திராட்சைப்பழம் அளவுக்கு ஒரு கட்டி. டாக்டரம்மா கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசினார். இது புற்று மாதிரித் தெரியவில்லை, ரத்தக் குழாய்கள் முடிச்சாகி வளர்கிற கட்டி, மெல்லத்தான் வளரும், பார்வை நரம்பை அமுக்காத வரைக்கும் கையை வைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்றார். நரம்பு அமுங்கினால் முதலில் சிவப்புதான் மங்கும் என்று சொல்லிவிட்டுத்தான் அந்த மூடியைக் காட்டினார்.

நான் தெரியுதுங்க என்றேன்.

"குட். அப்போ ஆறு மாசம் கழிச்சு வாங்கம்மா" என்றார்.

கத்தி இல்லை, தட்டு இல்லை. வீட்டுக்காரர் ஸ்டேஷனில் எனக்கு மசால் வடை வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு ரயிலில் நான் தின்ற வடையின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. பொய் சொல்லிச் சம்பாதித்த வடை.

இரண்டு வாரம் போயிருக்கும். சுரங்கக்காரர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீட்டு வாசலில் பழைய சேலையை விரித்து நீட்டு மிளகாயைக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். காரம் ஏறி வலது கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்தக் கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன். சேலையில் மிளகாய் இல்லை. புளி கிடந்தது. பழம்புளி, கறுப்பும் பழுப்புமாய். வலது கண்ணைத் திறந்தேன், மிளகாய். மூடினேன், புளி.

அன்று முதல் தினமும் காலையில் தண்ணீர்த் தொட்டியின் மேல் இருக்கும் சிவப்புப் பிளாஸ்டிக் மக்கின் எதிரே நின்று ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்ப்பேன். யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மக்கு மேலும் மேலும் பழுப்பாகிக்கொண்டே வந்தது. ஒரு நாள் அதன் கைப்பிடி எது, பின்னால் இருக்கும் சுவர் எது என்று ஒரு நொடி தெரியவில்லை.

அப்படி நிற்கும்போதுதான் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். பல் துலக்கிக்கொண்டே வந்தவர் அப்படியே நின்றார்.

"இன்னாமே இது? கட்டிக்கினு இத்தினி வருசத்துல என்னப் பாத்து ஒரு தபா கண்ணடிச்சதில்ல. மக்கப் பாத்துக் கண்ணடிக்கிறியே!"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சிரிப்பாக அழுகையும் வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். மூடியை, மிளகாயை, பொய்யை.

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்தார். முகமே மாறிவிட்டது.

அவர் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்தவர். பூமிக்கு அடியில் கல் இறங்காமல் இருக்க மரச் சட்டம் கட்டி முட்டுக் கொடுப்பது அவர் வேலை. சுரங்கம் மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் எதைப் பார்த்தாலும் அந்தக் கணக்கில்தான் பார்ப்பார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மேலே பாறையின் பளு ஏறினால் சட்டம் முதலில் மெல்ல முனகும். அதற்குச் சட்டம் பேசுகிறது என்று சொல்வார்கள். யார் காதில் விழுந்தாலும் உடனே கத்த வேண்டும். அவன் நேற்றைக்குச் சேர்ந்த ஆளாக இருக்கலாம், பக்கத்தில் மேஸ்திரியே நிற்கலாம், கத்தியே ஆக வேண்டும். கத்தி, கடைசியில் ஒன்றும் ஆகவில்லை என்றால் ஒருவரும் அவனைக் கேலி செய்யக்கூடாது. கேட்டும் சும்மா இருந்தவனை மறுநாள் யாரும் தங்கள் பக்கத்தில் வேலைக்குச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

"சட்டம் பேசிக்கினு கீது" என்றார். "ஒரு மாசமா பேசிக்கினு கீது. நீ கேட்டுக்கினு சும்மா நின்னுக்கினு கீறே. உன்னயெல்லாம் எவன் கேஜ்ல ஏத்திக் கீழ எறக்குவான்?"

"தட்டுல வெச்சுருவாங்களே" என்றேன்.

"இன்னா தட்டு?"

பக்கத்து வீட்டுக்காரி சொன்னதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டார். "கண்ண எடுத்துட்டா பின்னாடி போறது? எந்த மடையனாவது தங்கத்த ஒடச்சுக்கினு கல்லுக்குப் போவானா? வேற வழி இருக்கும். கேப்போம்" என்றார். அவருக்கும் தெரியாது. ஆனால் அவர் சொன்ன விதத்தில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மறுநாள் காலை மகள் வேலைக்குப் போகிற ரயிலிலேயே மூன்று பேரும் ஏறினோம். தினமும் போகிறவர்களுக்கென்று அந்த ரயிலில் பிடித்த இடங்கள் உண்டு. மகளின் கூட்டாளிப் பெண்கள் நகர்ந்து எனக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தார்கள். ஒருத்தி பூக்கட்டினாள், ஒருத்தி கீரை ஆய்ந்தாள். பங்காரப்பேட்டை தாண்டும் வரைக்கும் நான் ஒரே ஒரு வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். டாக்டரம்மா, நான் அன்னைக்குச் சொன்னது பொய்ங்க. டாக்டரம்மா, நான் அன்னைக்குச் சொன்னது பொய்ங்க.

"யார்கூட பேசிக்கினு வர்ற?" என்று மகள் கேட்டாள்.

"டாக்டரோட."

"இன்னும் ரெண்டு மணி நேரம் கீதும்மா. குரல மிச்சம் வெய்யி."

ஆஸ்பத்திரியில் எங்கள் முறை வந்தது. டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்து, "ஏனம்மா, ஆறு மாசம் அதுக்குள்ள ஆச்சா?" என்றார். வீட்டுக்காரர் வாயைத் திறக்கப் போனார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன். எப்படி இழுத்தேன் என்று எனக்கே தெரியாது.

"டாக்டரம்மா, நான் அன்னைக்குச் சொன்னது பொய்ங்க. சிவப்பு ஒரே மாதிரி இல்லீங்க. இப்போ புளி மாதிரி கீதுங்க."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "புளியா? ஹௌதா, அப்படியா? எப்போலேர்ந்து? இன்னும் சொல்லுங்க" என்றார். அந்த மூடியை எடுத்துக் காட்டினார். விளக்கை அணைத்து டார்ச்சை இந்தக் கண்ணுக்கும் அந்தக் கண்ணுக்கும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தார். போன தடவை நான் உள்ளே வரும் முன்பே கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள். அதில் கண்ணின் பாப்பா விரிந்து நின்றதால் டார்ச்சில் ஒன்றும் பிடிபடவில்லையாம். என் வாய் வார்த்தையை நம்பித்தான் விட்டாராம்.

"நரம்பு அமுங்குது. இப்ப எடுக்கணும். இன்னும் அஞ்சு மாசம் விட்டிருந்தா பார்வை போனது போனதுதான். நல்லவேளை வந்து சொன்னீங்க" என்றார்.

வாய் ஒரு முறை திறந்துவிட்டதல்லவா, மூடவில்லை.

"கண்ண எடுத்துத் தட்டுல வெப்பீங்களாம்மா?"

அவர் முதலில் என் முகத்தைப் பார்த்தார், பிறகு வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கண் அது இருக்கிற இடத்துலயேதான் இருக்கும்மா. எங்கயும் போகாது" என்றார். மேஜை மேல் இருந்த ஒரு காகிதத்தைச் சுருட்டிக் கூம்பு மாதிரி செய்து, கூம்பின் அகன்ற வாயில் தன் முஷ்டியை வைத்தார். "இது கண் குழி. வாசல்ல கண்ணு. கூம்போட வால்ல ஓட்டை, அது வழியாத்தான் நரம்பு மூளைக்குப் போகுது. நடுவுல கட்டி. இப்ப எந்த வழியாப் போறதுன்றதுதான் எங்க வேலையே."

வீட்டுக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

வழிகள் நிறைய இருக்கின்றன. அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது. கட்டி முன்பக்கம் கீழே இருந்தால், கீழ் இமையை இழுத்துப் பிடித்து உள்பக்கத்துச் செந்தோல் வழியாகவே போய்விடலாம். வெளியே தழும்பே தெரியாது. மேலே இருந்தால் மேல் இமையின் மடிப்பில் கீறிப் போகலாம். மூக்குப் பக்கமாக உள் ஓரத்தில் இருந்தால் மூக்குத் துவாரத்துக்குள் சின்னக் கேமரா விட்டு அந்தச் சுவர் வழியாகப் போவார்களாம். கூம்பின் வால் பக்கம் ஆழத்தில் மாட்டிக்கொண்டால் மூளை டாக்டரும் கூட நின்று தலைப்பக்கமிருந்து இறங்க வேண்டும். எந்த வழியில் போனாலும் ஒரே சட்டம்தான். பார்வை நரம்பைத் தாண்டிப் போகக்கூடாது. கட்டி நரம்புக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்து வழிதான்.

"உங்களுக்கு நரம்புக்கு வெளிப்பக்கம் இருக்கு. காதுப் பக்கம். அதனால பக்கவாட்டுல போவோம். சிரிச்சா கண் ஓரத்துல சுருக்கம் விழுதுல்ல, அதுலயே கீறி, ஓரத்து எலும்புல ஒரு துண்ட எடுத்து வெச்சுட்டு உள்ள போவோம்."

"அதான பாத்தேன்!" என்று வீட்டுக்காரர் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "எங்க மைன்லயும் அப்டித்தாம்மா. தங்கம் ஓடுற ரீஃப் மேலயே, ஆளு எறங்குற ஷாஃப்ட்டத் தோண்ட மாட்டோம். தோண்டினா ஷாஃப்டே எறங்கிடும். தள்ளி, பக்கத்துக் கல்லுலதான் எறங்குவோம். எந்த ஆழம் வேணுமோ அங்கேர்ந்து குறுக்கால வழி வெட்டிக்கினு போவோம். பக்கத்துலேர்ந்து போவோம்மா, பக்கத்துலேர்ந்து!"

"அதேதான் சார்" என்றார் டாக்டரம்மா. அவருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. ஸ்கேன் படத்தைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்தார்.

"எடுத்த எலும்ப இன்னா செய்வீங்க?"

"வேலை முடிஞ்சதும் திரும்ப அதே எடத்துல வெச்சு, சின்ன ஸ்க்ரூ போட்டுடுவோம்."

"பாத்தியாமே" என்று அவர் என்னிடம் திரும்பினார். "இவங்க வெட்டின கல்லத் திருப்பி வெக்கிறாங்க. நாம வெக்கல. அதான் ஊரச் சுத்தி இத்தினி மண்ணு மல நிக்குது."

கட்டியை எப்படிப் பிடித்து வெளியே எடுப்பீர்கள், வழுக்காதா என்று நான் கேட்டேன். நான்தான் கேட்டேன்! ஒரு குச்சி இருக்கிறதாம், அதன் நுனி பனிக்கட்டியை விடக் குளிராகுமாம். கட்டியில் வைத்தால் ஐஸ் குச்சியில் நாக்கு ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒட்டிக்கொள்ளுமாம். அப்படியே மெல்ல ஆட்டி ஆட்டி வெளியே எடுப்பார்களாம். எனக்கு அதைக் கேட்டதும் உடம்பெல்லாம் புல்லரித்தது. என் கண்ணைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே மறந்துவிட்டது. எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள் மனிதர்கள்!

பயம் இல்லாமல் போகவில்லை. எல்லாம் சரியாகப் போனாலும் பார்வை முழுசாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது, கொஞ்ச நாள் இரண்டிரண்டாகத் தெரியலாம், லட்சத்தில் ஒருவருக்கு என்று சொல்ல மாட்டேன், அதைவிட அதிகமானவர்களுக்கே பார்வை போகிற ஆபத்து இதில் இருக்கிறது என்று டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது, நாலாம் வகுப்பில் கற்ற எழுத்து நாலும் நாலு பக்கம் போனது.

ஆபரேஷன் அன்று காலையில் மணிக்கட்டில் எண் எழுதிய பட்டை கட்டினார்கள். வீட்டுக்காரர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"டோக்கன் வாங்கிட்டே" என்றார். சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் பித்தளை டோக்கன் வாங்கிக்கொண்டு போவான், மேலே வந்ததும் திருப்பிக் கொடுப்பான். கொடுக்காத டோக்கன் இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். "தொலச்சிடாதே. திருப்பிக் கொடுக்கணும்."

அவர் ஷிப்டுக்குக் கிளம்பும்போது நான் பின்னாலிருந்து கூப்பிட்டதில்லை. எப்போது வருவீர்கள் என்று கேட்டதில்லை. எங்கள் லைனில் எந்தப் பெண்ணும் கேட்க மாட்டாள். கேட்டால் ஆகாது. வண்டியில் படுக்க வைத்து என்னைத் தள்ளிக்கொண்டு போனபோது அவரும் ஒன்றும் கேட்கவில்லை. கதவு வரைக்கும் செருப்புச் சத்தம் வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. வாசலில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்திருக்கும்.

மயக்கம் தெளிந்து வரும்போது முகத்தில் பாதி மூட்டை கட்டின மாதிரி இருந்தது. நர்ஸ் பெண் கட்டை லேசாகத் தூக்கி டார்ச் அடித்தாள். அவளும் கன்னடக்காரி, பாட்டியை அஜ்ஜி என்பாள்.

"அஜ்ஜி, வெளிச்சம் தெரியுதா?"

பழைய பழக்கத்தில் தெரியுது என்று வாய் தானாக வந்தது. சட்டென்று நிறுத்திக்கொண்டேன். நிஜமாகவே தெரிகிறதா என்று பார்த்தேன். மஞ்சளாக, கலங்கலாக, ஆனால் இருந்தது.

"தெரியுது" என்றேன். "சத்தியமா தெரியுது."

"சத்தியம் எல்லாம் வேண்டாம் அஜ்ஜி" என்று அவள் சிரித்தாள். அரை மணிக்கு ஒரு தடவை வந்து அதே கேள்வி. உள்ளே ரத்தம் கட்டினால் பார்வை மங்கும், வலி அதிகமாகும், உடனே சொல்லிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தாள். ஒவ்வொரு தடவையும் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னேன். ஒரு தடவை "போன தபாவை விடக் கொஞ்சம் பளிச்சுனு கீது" என்றுகூடச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது கண்ணைச் சுற்றி நாவற்பழ நிறத்தில் வீங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி வந்து என் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"தையலே காணோமேக்கா. எங்க வழியா எடுத்தாங்க?"

கண் ஓரத்துச் சுருக்கத்தைக் காட்டினேன். அவள் விரலை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். "இதுவா? இது வயசான கோடுதானே?"

"அதுக்குள்ளதான் கதவு" என்றார் உள்ளேயிருந்து வீட்டுக்காரர். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் வரை லைனில் வந்தவர் போனவர் எல்லாருக்கும் என் கண் குழியைச் சுருட்டிச் சுருட்டிக் காட்டினார்.

மூன்று வாரம் எல்லாம் இரண்டாகத் தெரிந்தது. இரண்டு மக்கு, இரண்டு வீட்டுக்காரர். "ஒருத்தனே தாங்கல உனக்கு" என்றார் அவர். அப்புறம் இரண்டும் நெருங்கி நெருங்கி ஒன்றாகிவிட்டது. மக்கின் எதிரே நிற்பதை மட்டும் நான் விடவில்லை. இப்போது ஒளித்துச் செய்வதில்லை. அவரே கேட்பார், "இன்னா சொல்லுது மக்கு?" என்று.

போன வாரம் மறுபடி பெங்களூர் போனோம். கட்டி புற்று இல்லை என்று பரிசோதனைக் காகிதம் வந்திருந்தது. டாக்டரம்மா எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் மேஜை டிராயரிலிருந்து அந்த மூடியை எடுத்தார். இடது கண்ணை மறைத்தார், செம்பருத்தி. வலது கண்ணை மறைத்தார்.

டாக்டரம்மாவும் வீட்டுக்காரரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே மாதிரி தெரிகிறது என்று நான் சொன்னால் எல்லாருக்கும் சந்தோஷமாக இருக்கும். வீட்டுக்காரர் எழுந்து குதிப்பார். ஸ்டேஷனில் வடை கிடைக்கும். எனக்கும் அப்படிச் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது.

"ஒரே மாதிரி இல்லீங்கம்மா" என்றேன். சத்தமாகவே வந்தது. "முன்ன புளி. போன மாசம் செங்கல். இப்போ தக்காளி மாதிரி கீது. மிளகாய் இன்னும் வரல."

டாக்டரம்மா அப்படியே எழுதிக்கொண்டார். புளி, செங்கல், தக்காளி என்று அவர் எழுதுவதை நான் எட்டிப் பார்த்தேன். கன்னட எழுத்து, எனக்குப் படிக்க வராது. ஆனால் மூன்று வார்த்தைகள் இருந்தன.

"இன்னும் ஏறும்" என்றார். "நரம்பு மெதுவாத்தான் எழுந்துக்கும். அடுத்த தடவை மிளகாய் வந்ததா இல்லையா, அதையும் இப்படியே சொல்லணும்."

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் ஸ்டேஷன் வரைக்கும் காத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே வடைக் கடையைத் தேடிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் அவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டேன், ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி.

"இன்னாங்க! ரெண்டா வாங்குங்க!"